நிலை அறிக்கை

பெட்டியின் பதினாறு திருகுகளையும் கழற்றிக்
கிண்ணத்தில் போட்டு எண்ணிக்கொண்டார் மஞ்சப்பா.
லாவெல் ரோட்டில் மழை.
பஞ்சு அடைப்புக்கு நடுவே
மெக்சிகோவிலிருந்து வந்த பையன்
நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

துணியில் எண்ணெய் வண்ணம்.
வரைந்தவர் பெயர் இல்லை.
தலையில் தங்கக் காகிதக் கிரீடம்,
மடியில் வெள்ளைப் பூங்கொத்து,
காலில் புதுச் செருப்பு,
அடிப்பக்கம் மண் படாதது.
செத்து ஒரு பகல் ஆகியிருக்கலாம்.

கூட வந்த குறிப்பில் இருந்தது:
இப்படிப் போகிற பிள்ளையை அங்கே
குட்டித் தேவதூதன் என்பார்களாம்.
வேட்டுப் போடுவார்களாம், ஆடுவார்களாம்.
தாய் மட்டும் அழக்கூடாதாம்.
அழுதால் சிறகு நனைந்துவிடும்,
பறக்கக் கனக்கும்.

அதை மஞ்சப்பாவுக்குப் படித்துச் சொன்னேன்.
எந்த ஊர்த் தாய் அதைக் கேட்பாள்
என்றார் கன்னடத்தில்.
நான் படிவத்தை எடுத்தேன்.

இடது கன்னத்தில் நுண்விரிசல், வலைபோல.
கிரீடத்தில் நிறம் உதிர்ந்த இடங்கள் மூன்று.
கண்கள் பாதி திறந்தவை.
(இதை எந்தக் கட்டத்தில் எழுத?
சேதத்திலா?)

அறை விளக்கை அணைத்துவிட்டுப்
புறஊதா விளக்கைப் பிடித்தேன்.
பழைய வார்னிஷ் பாசிப்பச்சையாய் மினுங்கியது.
பிறகு யாரோ பூசிய இடம் மட்டும்
கறுத்துத் தெரியும், அதுதான் கணக்கு.
பையனின் கழுத்தோரம், திரைச்சீலையில்
கறுத்துத் தெரிந்தது ஒரு திட்டு.
நான்கு விரல்கள்.
சின்ன விரல்கள்.

அல்சூர், எண்பத்தேழு.
சிகாமணிக்கு மூன்று வயது, ஐந்து நாள் காய்ச்சல்.
ஒரு போட்டோகூட எடுக்கவில்லையே என்று
அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது.
பஜார் தெருவிலிருந்து ஸ்டீபன் வந்தார்,
முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு.
தலை நிற்கவில்லை.
"பாப்பா, நீ பின்னால போய்ப் பிடிச்சுக்கோ."
அம்மாவின் மாம்பழக்கலர் சேலையைப் போர்த்தி
என்னைத் திரையாக்கினார்கள்.
உள்ளே பவுடர் வாசனை, இருட்டு.
அவன் பிடரி முடி எப்போதும்போல்
மெத்தென்றிருந்தது.
எனக்குக் குழப்பமே அதில்தான்.
"அசையக் கூடாது" என்றார் ஸ்டீபன்.
எங்களில் யாரிடம் சொன்னார்
என்று இன்றும் தெரியாது.

கல்பள்ளியில் புதைத்தார்கள்.
அம்மா அழுதாள், மூன்று தெரு கேட்க.
சிறகைப் பற்றி
அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.
படம் சட்டமேறியது, செண்டுமல்லிச் சரத்தோடு.
அந்தப் பூவும் அங்கிருந்து
கப்பலேறி வந்ததுதான் என்பது
இந்த வேலைக்கு வந்தபின் தெரிந்தது.

அது யார் விரல், தோள்கிட்ட?
என்று ஒரு நாள் விருந்தாளி கேட்டார்.
மறுவாரம் அப்பா படத்தை இறக்கி
ஸ்டீபனிடம் கொண்டுபோனார்.
திரும்பி வந்தபோது சிகாமணி
யாரும் பிடிக்காமல்
தானாகவே உட்கார்ந்திருந்தான்.
நான் பள்ளிக்கூடம் போனேன்.

பின்னாள் மேற்பூச்சு, ஆறுக்கு நான்கு செ.மீ.
அகற்றப் பரிந்துரை: ஆம் / இல்லை.
நடுவில் இருந்த சாய்கோட்டின்மேல்
பேனா நின்றது, மை ஊறியது.
மஞ்சப்பா விளக்கைப் போட்டார்.

அடுத்த அறையில்
சர்க்கரை மண்டையோடுகள் உலர்ந்துகொண்டிருந்தன,
ஞாயிற்றுக்கிழமை வரும் பிள்ளைகளுக்கு.
நெற்றியில் பெயர் எழுத வெற்றிடம்.
உயிரோடு இருப்பவர் பெயரையும் எழுதலாமாம்,
எழுதிவிட்டுக் கடித்துத் தின்னலாமாம்.
பேத்திக்கு ஒன்று என்று கூச்சத்தோடு கேட்டார்.
காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.
பெயரை அவளே எழுதிக்கொள்வாள் என்றார்.

அவர் போன பிறகு
நானும் ஒன்றை எடுத்தேன்.
எழுதும்போது ஆடாமலிருக்கப்
பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன்.
மழை ஈரம்.
சர்க்கரை விரல்களில் ஒட்டியது.